எங்கள் வீட்டில் கொசு இல்லை

போன வாரம் எங்கள் அபார்ட்மென்ட்டுக்குக் கரப்பான் மருந்து வைக்க ஒரு பெண் வந்தார். யூனிஃபார்ம், கையுறை, மாஸ்க் எல்லாம் பிரமாதம். மருந்தை எடுப்பதற்கு முன்னால் கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"வீட்டுல பெட்ஸ் இருக்கா மேடம்? மீன் தொட்டி, லவ் பேர்ட்ஸ் ஏதாவது?"

"இல்லைம்மா. பக்கத்து ஃபிளாட்லயும் யாரும் பூச்சி வளர்க்கலை. நான் விசாரிச்சுட்டேன்."

அந்தப் பெண் என்னை நிமிர்ந்து பார்த்தார். 'வயசானவங்க, பாவம்' என்கிற பார்வை. வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவருக்கு எப்படிப் புரிய வைப்பது? உங்களிடமாவது சொல்கிறேன். வாராவாரம் என் புலம்பலைக் கேட்டுப் பழகியவர்கள் நீங்கள்.

நான் குன்னூர்க்காரி. எங்கள் ஊரில் பூச்சி என்றால், மழை நாளில் பல்பைச் சுற்றும் நாலு விட்டில்... அவ்வளவுதான். ஃபேன் இல்லாத வீட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். கல்யாணமாகி, எண்பதுகளின் தொடக்கத்தில், தருமபுரி மாவட்டத்தில், மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. கணவருக்குப் பாலக்கோட்டில் ஒரு ஆபீஸ். காலையில் பஸ் ஏறிப் போய்ச் சாயங்காலம் திரும்பி வருவார்.

வீடும் கிடைத்தது. ஓட்டு வீடு. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம் வீட்டுக்காரி மாதம்மா அக்காவும் அவர் கணவர் ராமன் அண்ணனும். நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. ஆள் உயரத்துக்கு மேல் வெறும் காற்றுதான். அவர்கள் பக்கம் தும்மினால் எங்கள் பக்கமிருந்து தீர்க்காயுசு சொல்லலாம்.

சாவியைக் கொடுக்கும்போது மாதம்மா அக்கா சொன்னார்: "ஒரே ஒரு கண்டிசன்தாங்க டீச்சரம்மா. எங்க பக்கம் பட்டுப்பூச்சி வளக்குறோம். அதுங்களுக்கு ஆவாதது எதுவும் உங்க பக்கம் செய்யக் கூடாது."

"அதுக்கென்னக்கா? உங்க பூச்சிக்கு என்னால ஒரு கெடுதலும் வராது" என்று சிரித்துக்கொண்டே வாக்குக் கொடுத்தேன். மனுஷி எப்போது வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறாள்? சிரிக்கும்போதுதான்.

குடிபோன நாளிலிருந்தே ஒரே புழுக்கம். தருமபுரி வறண்ட சீமையாச்சே, அங்கே என்ன புழுக்கம் என்று கேட்பீர்கள். ஊர் வறண்டதுதான். எங்கள் வீடு மட்டும் வறளவில்லை. பட்டுப்புழு வளரும் இடத்தில் காற்று ஈரமாக இருக்க வேண்டுமாம். மாதம்மா அக்கா ஜன்னலில், கதவில், சுவரோரத்தில் எல்லாம் ஈரச் சாக்கைத் தொங்கவிடுவார். தரையில் தண்ணீர் தெளிப்பார். வெயில் ஏற ஏற இன்னும் தெளிப்பார். அந்த ஈரம் பூராவும் வெக்கையோடு சேர்ந்து நடுச்சுவரைத் தாண்டி எங்கள் பக்கம் குடிவந்துவிடும். கொடியில் போட்ட துணி காயாது. ஜாடியில் உப்பு தண்ணீராக நிற்கும். வெளியே காலடி வைத்தால் தருமபுரி, உள்ளே வந்தால் கேரளா.

சூடும் ஈரமும் சேர்ந்த இடத்துக்கு யார் வருவார்கள்? எல்லோரும் வந்தார்கள். சர்க்கரை டப்பாவில் எறும்பு. அரிசிப் பானைக்குப் பின்னால் கரப்பான். நான் ஊரிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்த புத்தகங்களைக் கரையான் என்னைவிட வேகமாகப் படித்து முடித்தது. கட்டிலில் மூட்டைப்பூச்சி, மூன்று தலைமுறையாக வாழ்ந்த வீடு போல உரிமையோடு குடும்பம் நடத்தியது. இத்தனைக்கும் மேலே கொசு.

முதல் நாள் சாயங்காலமே கொசுவத்தி ஏற்றினேன். ஏற்றித் தீக்குச்சியைக் கீழே போடவில்லை, சுவருக்கு மேலே குரல் வந்தது.

"டீச்சரம்மா, என்னாங்க பத்த வெச்சீங்க?"

குரலுக்குப் பின்னாலேயே ஆளும் வந்துவிட்டார். கொசுவத்தியைப் பிடுங்கி, பக்கத்தில் இருந்த குடத்துத் தண்ணீரில் முக்கினார். அது குடிக்கிற தண்ணீர்.

"பொகை பட்டா பூச்சி சுருண்டுக்கும் டீச்சரம்மா" என்றார், மூச்சு வாங்க.

சரி, வேப்பிலையைக் கொளுத்தலாமா? அதுவும் புகைதான். எறும்புப் பவுடர்? காற்றில் பறந்து பூச்சி தின்கிற மல்பெரித் தழையில் விழும், கூடாது. கட்டில் காலை மண்ணெண்ணெய் விட்டுத் துடைக்கலாமா? வாடை ஆகாது. பினாயில் என்ற பேரைச் சொன்னதற்கே அக்காவின் முகம் வெளிறிவிட்டது. மிளகாய் வறுக்கக் கூடாது. ஊதுவத்தி கூடாது. ஆக, சாமியும் எங்கள் வீட்டில் சும்மாதான் நின்றுகொண்டிருந்தார்.

என் கணவருக்கு பீடி, சிகரெட் பழக்கம் இல்லை. ஆனால் மனுஷர் முகத்துக்குப் பவுடர் போடாமல் ஆபீஸுக்குப் போக மாட்டார். பவுடர் வாசனையும் பூச்சிக்கு ஆகாது என்று தடை வந்தது. என்ன செய்வார்? பவுடர் டப்பாவைப் பையில் வைத்துக்கொண்டு போய், பஸ் நிற்கும் இடத்தில் புளியமரத்தடியில் நின்று பூசிக்கொள்வார். ஊரே வேடிக்கை பார்க்கும். "வாத்தியாரம்மா வூட்டுக்காரருக்குக் கல்யாணக் களை இன்னும் போவலை" என்று பேசிக்கொண்டார்கள்.

கொசுவலை கட்டினோமா? கட்டினோம். அந்தப் புழுக்கத்தில் வலைக்குள் படுப்பதற்கு இட்லிப் பானைக்குள் படுத்துக்கொள்ளலாம். வெந்து போவதா, கடிபடுவதா என்று யோசித்துக் கடிபடுவது என்று இருவரும் ஒருமனதாகத் தீர்மானித்தோம். கல்யாணமான புதிதில் நாங்கள் ஒருமனதாகத் தீர்மானித்த ஒரே விஷயம் அதுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன நடந்தது தெரியுமா? ராஜோபசாரம்! மூங்கில் தட்டுகளை அடுக்கடுக்காக வைத்து, வேளை தவறாமல் மல்பெரித் தழை. அதுவும் முற்றின தழை ஆகாது, வாடின தழை ஆகாது. தட்டை மாற்றிக் கழிவைச் சுத்தம் செய்வார்கள். காலும் கையும் கழுவாமல் உள்ளே யாரும் போக முடியாது. கண் பட்டுவிடும் என்று அடுத்த தெருக்காரர்களுக்கு அனுமதியே கிடையாது. தோல் உரிப்பதற்கு முன் புழுக்கள் தின்னாமல் அசையாமல் கிடக்கும். "பூச்சி தூங்குது" என்பார் அக்கா. அப்போது நாங்கள் ரேடியோ வைக்கக் கூடாது. என் கணவர் செய்திகள் கேட்காமல் இருக்க மாட்டார். ரேடியோவைப் போர்வைக்குள் வைத்துக் காதோடு ஒட்டிக்கொண்டு, டெல்லியில் என்ன நடக்கிறது என்று வேர்க்க விறுவிறுக்கத் தெரிந்துகொள்வார்.

புழு வளர்ந்து பெரிதாகிவிட்டால் அது தின்கிற சத்தம் கேட்கும். அதுவும் எனக்குத் தெரியாது. ஒரு நாள் மத்தியானம் ஓட்டின் மேல் சடசடவென்று தூறல் விழுவது போல் கேட்டது. மழை என்று நினைத்துக் கொடித் துணியை எடுக்க ஓடினேன். வெளியே சுட்டெரிக்கும் வெயில். திரும்பி வந்தால் மறுபடியும் மழை. மறுபடியும் ஓடினேன். மாதம்மா அக்கா வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பூச்சி சாப்பிடுதுங்க டீச்சரம்மா" என்றார்.

அன்றைக்கு என் கணவர் கையைச் சொறிந்துகொண்டே சொன்னார்: "அடுத்த ஜென்மத்துல இந்த வீட்டுல புழுவாப் பொறக்கணும்."

"கடைசியில கூட்டோட கொதிக்கிற தண்ணியில போடுவாங்க, தெரியுமில்ல?"

"இங்க மட்டும் என்ன வாழுதாம்?" என்றார்.

இத்தனை கொசு எங்கிருந்து வருகிறது? கொஞ்ச நாளில் அதையும் கண்டுபிடித்தேன். பட்டுப்புழுவுக்குப் பெரிய எதிரி எறும்பு. தட்டு அடுக்கிய ஸ்டாண்டின் காலில் ஏறிப் போய்ப் புழுவைக் கடித்துவிடும். அதனால் ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்திருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். அத்தனை கிண்ணத்திலும் கொசுக்குஞ்சு நெளிந்துகொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒரு பூச்சியை வளர்த்தால் இன்னொரு பூச்சி இலவசம்!

ஓடிப்போய் அக்காவிடம் சொன்னேன். அவர் அசரவில்லை.

"எறும்பு வந்தா பூச்சிய கடிக்கும் டீச்சரம்மா. கொசு வந்தா நம்மளத்தான கடிக்கும்?" என்றார்.

நம்மளத்தான என்றதில் என்னையும் சேர்த்துக்கொண்டார் பாருங்கள், அந்தப் பாசத்தில் விழுந்துவிட்டேன். அன்று முதல் கிண்ணத்துத் தண்ணீரைத் தினமும் கொட்டி மாற்றுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். கொசு கொஞ்சம் குறைந்தது. போகவில்லை.

இதற்கெல்லாம் முன்னால், வந்த புதிதில், பூச்சி சாஸ்திரம் எதுவும் தெரியாத காலத்தில் நான் ஒரு காரியம் செய்திருந்தேன். சுகாதார நிலையத்துக்குப் போய், "எங்க வீட்டுல கொசு தாங்கலை, மலேரியா மருந்து அடிக்க ஆள் அனுப்புங்க" என்று கேட்டேன். "ஆள் வரும் டீச்சர்" என்றார்கள். வரவில்லை. மறுபடியும் போய்க் கேட்டேன். "வரும் டீச்சர்." எறும்பூரக் கல்லும் தேயும் என்பார்கள்... அங்கே தேய்ந்தது என் செருப்புதான். கடைசியாகப் போனபோது குரலை உயர்த்திக் கத்திவிட்டே வந்தேன். அதோடு மறந்தும் போனேன்.

அவர்கள் மறக்கவில்லை.

அதற்குள் மாதம்மா அக்கா வீட்டில் அடுத்தடுத்து இரண்டு தடவை புழு செத்துப்போனது. முதல் தடவை நோய். இரண்டாவது தடவை என்ன காரணம் என்றே தெரியவில்லை. தட்டுத் தட்டாக எடுத்துப் போய்க் குழியில் கொட்டினார்கள். அக்கா ஒரு சொட்டு அழவில்லை. தட்டுகளைக் கழுவிக் கழுவி வெயிலில் வைத்துக்கொண்டே இருந்தார்.

ராமன் அண்ணன் அதிகம் பேசாதவர். அவரே வாயைத் திறந்தார். "மூணாவது தடவ வெப்போம். இதுவும் போச்சுன்னா மல்பெரியக் கொத்திப் போட்டுட்டு பெங்களூருக்குப் போயிடலாம். கட்டட வேலை கெடைக்கும்."

பெங்களூர் என்றால் வீட்டைப் பூட்டிவிட்டு இரண்டு பேரும் போவது. மாதம்மா அக்காவுக்கு அந்தத் தோட்டத்தை விட்டால் வேறு உலகம் தெரியாது. கன்னடம் பேசுவார், கன்னட ஊரில் வாழ மாட்டார். "அங்க போயி செங்கல்லு தூக்கறதுக்கு நான் இங்கயே செத்துப் போறேன் டீச்சரம்மா" என்றார். சும்மா வாய்ப்பேச்சுக்குச் சொல்லவில்லை.

மூன்றாவது தடவை புழு வைத்தார்கள். நான் மாறிப்போனேன். கடைவீதிக்குப் போய் வந்தால் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவேன். எறும்புச் சாரையைப் பார்த்தால் விரட்டிக்கொண்டு ஓடுவேன். கணவர் வீட்டுக்குள் இருமினால் முறைப்பேன். பவுடர் டப்பாவைப் புளியமரப் பொந்திலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன். "ஒரு புழுவுக்காகப் புருஷனை மரத்துல ஏத்திட்டா" என்று அவர் ஊருக்கெல்லாம் சொன்னார். சொல்லட்டுமே. புழுக்கள் வளர்ந்தன. கடைசித் தூக்கம் முடிந்து விரல் நீளத்துக்கு ஆகிவிட்டன. இன்னும் சில நாளில் கூடு கட்டப் போகும். மழைச் சத்தம் மறுபடியும் வீடு பூராவும் கேட்டது.

பள்ளிக்கூடம் லீவு. நான் வாசலில் முறத்தோடு உட்கார்ந்திருந்தேன். ஜீப் வந்து நின்றது. காக்கி பேண்ட்டில் ஒரு ஹெல்த் இன்ஸ்பெக்டர் இறங்கினார். பின்னால் இரண்டு பேர், பம்பும் வாளியுமாக.

"டீச்சரம்மா வூடு எதுங்க?"

"நான்தான்."

"கொசு மருந்து கேட்டு சத்தம் போட்டுட்டுப் போனீங்களாமே. 'அந்தம்மா மறுபடி இங்க வரக் கூடாது, மொதல்ல போயி அடிச்சுட்டு வாங்க'ன்னு டாக்டரே சொல்லிட்டாரு. அதான் இந்த ஊருல மொத வூடா உங்க வூட்டுக்கு வந்திருக்கோம். சாமானெல்லாம் வெளிய எடுங்க. சொவரு பூரா அடிச்சுடுவோம், ஆறு மாசத்துக்கு ஒரு பூச்சி உயிரோட இருக்காது."

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்ததாம். எனக்கு வந்தது, பம்போடு.

மாதம்மா அக்கா மடியில் மல்பெரித் தழையோடு வாசலுக்கு வந்திருந்தார். இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். பம்பைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நீங்களா கூப்ட்டீங்க?"

"வந்த புதுசுலக்கா..." என்றேன்.

அவர் திட்டியிருந்தால் தேவலாம். போய்த் தன் வாசற்படியில் குறுக்காக உட்கார்ந்துகொண்டார். அவரைத் தாண்டாமல் யாரும் உள்ளே போக முடியாது. என் பக்கக் கதவு திறந்துதான் கிடந்தது. என் பக்கம் அடித்தால் போதுமே, மிச்சத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும். நான் எழுந்து போய் என் கதவை மறித்து நின்றேன்.

"சார், எங்க வீட்டுல கொசு இல்லை."

இதைச் சொல்லி வாய் மூடவில்லை, என் இடது கன்னத்தில் ஒன்று வந்து உட்கார்ந்தது.

"கொசு இல்லையா? அப்ப எதுக்குக் கத்தினீங்க?"

"அப்ப இருந்துச்சு சார். இப்ப இல்லை."

"எங்க போச்சு?"

இப்படி ஒரு கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. வாசற்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது: "ஆத்துப் பக்கம் போயிருக்குங்க. வெயிலு காலத்துல அதுங்களும் ஒகேனக்கல்லு போவும்."

பம்பு பிடித்தவர் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. அவர் கையில் ஏதோ சுருக்கென்றிருக்க வேண்டும். பட்டென்று அடித்து, மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். சிவப்பாக ஒரு பொட்டு.

"இது என்னாம்மா?"

"அது எங்க வூட்டுது இல்லீங்க" என்றார் அக்கா. "உங்க ஜீப்புல வந்தது."

இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பி, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"டீச்சர், உங்க கன்னத்துல..."

"மச்சம் சார்."

கை துடித்தது. அடித்தால் மச்சம் செத்துவிடும், அதோடு புழுவும் செத்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அந்த மச்சம் பார்க்கப் பார்க்கப் பெருத்துக்கொண்டிருந்தது. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

உள்ளே புழுக்கள் தின்கிற சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. இன்ஸ்பெக்டர் அக்காவின் மடியிலிருந்த தழையைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நாளைக்கு மறுபடி வந்து எங்க உயிர எடுக்கக் கூடாது பாருங்க. நீங்களே உங்க கையால செவுத்துல எழுதிடுங்க."

எழுதினேன். கரும்பலகையில் எழுதுவது போலக் குண்டு குண்டாக, கோடு போட்டு: 'இந்த வீட்டில் கொசு இல்லை.' எழுதி முடிக்கும் வரை கன்னத்தைத் தொடவில்லை.

ஜீப் போய்விட்டது. புழு பிழைத்தது. சில நாளில் கூடு கட்டியது. ராமன் அண்ணன் கூட்டை மூட்டை கட்டி, விற்கப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது பெங்களூர் பேச்சு அவர் வாயில் இல்லை. அக்கா மறுநாளே அடுத்த தடவைக்குத் தட்டுக் கழுவ ஆரம்பித்துவிட்டார். சுவரில் என் எழுத்து மழைக்காலம் வரை அழியவில்லை. குன்னூரிலிருந்து என் அப்பா வந்தார். சுவரைப் படித்துவிட்டு, "பரவாயில்லையே" என்று நிம்மதியாகப் படுத்தார். விடிந்ததும் வீங்கின முகத்தோடு முதல் பஸ்ஸைப் பிடித்தார். போகும்போது, "நீ எந்தக் கிளாஸுக்கும்மா பாடம் எடுக்கிறே?" என்று மட்டும் கேட்டார்.

எதையும் கேட்டால் கேட்ட நேரத்தில் வராது, வேண்டாம் என்கிற நேரத்தில் தேடி வந்து கதவைத் தட்டும். இது அரசாங்கத்துக்கு மட்டுமா? கல்யாண வரன், வேலை உத்தரவு, விருந்தாளி எல்லாமே அப்படித்தான் வருகின்றன.

ஆனால் ஜீப் கிளம்பிப் புழுதி அடங்குவதற்குள் நடந்த ஒன்றை இன்னும் சொல்லவில்லை.

மாதம்மா அக்கா படியிலிருந்து எழுந்தார். தழையை மடியில் இறுக்கிக்கொண்டு நேராக என் முன்னால் வந்து நின்றார். பளார் என்று ஒரு அறை. இடது கன்னத்தில். எனக்குக் காது வரைக்கும் ரீங்காரம்.

"கொசு உக்காந்திருந்துச்சு டீச்சரம்மா" என்றார். உள்ளங்கையை விரித்துக் காட்டினார். தழை போடப் போய்விட்டார்.

உள்ளங்கையில் ஒன்றுமே இல்லை. எங்கே கொசு என்று நான் எந்த வாயால் கேட்பது? எங்கள் வீட்டில் கொசு இல்லை என்று சுவரில் எழுதியவளே நான்தானே.